தூய்மைப் பணியாளருக்கும் தலைமை அதிகாரிக்கும் ஒரே வரி: குன்றத்தூரிலிருந்து மாநில நிதியைப் பார்த்தல்

குன்றத்தூர் நகராட்சியிலோ அதையடுத்த தாம்பரம் மாநகராட்சியிலோ பணிபுரியும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவர் மாதம் 15,000 ரூபாய் ஊதியம் பெறுகிறார் என்று கொள்வோம். அரையாண்டுக்கு 90,000 ரூபாய். தமிழ்நாட்டின் தொழில் வரி அட்டவணைப்படி அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் 1,250 ரூபாய் செலுத்த வேண்டும். அட்டவணையின் உச்சப் படி அதுதான். அதற்கு மேல் படியே இல்லை. சற்று மேற்கே, திருப்பெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலையொன்றில் ஆண்டுக்கு இரண்டு கோடி ரூபாய் ஊதியம் பெறும் தலைமை அதிகாரி இருக்கிறார் என்றால், அவருக்கும் அரையாண்டுக்கு அதே 1,250 ரூபாய்தான். தூய்மைப் பணியாளரின் வருமானத்தில் இவ்வரி ஏறத்தாழ 1.4 விழுக்காடு. அதிகாரியின் வருமானத்தில் 0.0125 விழுக்காடு. வருமானத்தோடு ஒப்பிட்டால், குப்பை அள்ளுபவரின் தோளில் நூறு மடங்குக்கும் மேலான சுமை.

இது எவரோ ஒரு எழுத்தர் செய்த பிழை அன்று. அரசமைப்புச் சட்டத்தின் 276ஆவது கூறு, தொழில் வரி ஆண்டொன்றுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியுள்ளது. 250 ரூபாயாக இருந்த இவ்வரம்பு, 1988ஆம் ஆண்டின் அறுபதாவது திருத்தத்தால் 2,500 ரூபாயாக உயர்ந்தது. அன்றைக்கு அது பெருந்தொகை. அதன்பின் விலைவாசியும் ஊதியமும் பன்மடங்கு பெருகிவிட்டன. வரம்பு மட்டும் அங்கேயே நிற்கிறது. பதினான்காவது நிதிக்குழு இதனை 12,000 ரூபாயாக உயர்த்தப் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு அதற்குச் செவிசாய்க்கவில்லை.

வரம்பு உறைந்து நின்றால் என்ன ஆகும் என்பதை 2024இல் சென்னை மாநகராட்சி காட்டியது. தொழில் வரியை உயர்த்த மன்றம் தீர்மானித்தபோது, 135 ரூபாய் செலுத்தியோருக்கு 180 ஆகவும், 315 செலுத்தியோருக்கு 425 ஆகவும், 690 செலுத்தியோருக்கு 930 ஆகவும் ஏற்றப்பட்டது. மேற்படியில் இருந்தோருக்கு ஒரு ரூபாயும் ஏறவில்லை. ஏற்றவும் சட்டம் இடம் தரவில்லை. மாநகராட்சிக்குப் பணம் தேவை, மேலே கதவு பூட்டியிருக்கிறது, ஆகவே கீழே தட்டுகிறார்கள். தமிழ்நாட்டு வரிக்கொள்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நிகழ்வே போதுமான நுழைவாயில்.

தலித் இயக்கத்தில் வரி பற்றிய பேச்சு குறைவு. நாம் செலவைப் பற்றிப் பேசுகிறோம்: விடுதிக்கு எவ்வளவு, கல்வி உதவித்தொகைக்கு எவ்வளவு, துணைத் திட்டத்துக்கு எவ்வளவு என்று. அப்பணம் எவரிடமிருந்து வருகிறது என்ற கேள்வியைப் பொருளியல் அறிஞர்களிடமும் வணிகர் சங்கங்களிடமும் விட்டுவிட்டோம். அம்பேத்கர் அப்படி விடவில்லை. அவருடைய தொடக்கக்கால ஆய்வுகளில் ஒன்றே, 1925இல் நூலாக வெளிவந்த பிரித்தானிய இந்திய மாகாண நிதி பற்றியது. 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் நிதிநிலை அறிக்கை மீது பேசியபோது அவர் எடுத்த முதன்மையான குறைகளுள் ஒன்று நிலவரி பற்றியது: வருமான வரியில் ஏழைக்கு விலக்குண்டு, நிலவரியிலோ ஓர் ஏக்கர் வைத்திருப்பவனும் நூறு ஏக்கர் வைத்திருப்பவனும் ஒரே வீதத்தில் அழ வேண்டியிருக்கிறது என்பதே அதன் சாரம். நூறாண்டு நெருங்குகிறது. நிலவரியின் இடத்தில் தொழில் வரியை வைத்துப் பாருங்கள். வாதத்தில் மாற்ற வேண்டியது ஏதுமில்லை.

ஏழை வரி கட்டுவதில்லையா?

நடுத்தர வர்க்க உரையாடலில் அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்றுண்டு: நாங்கள் வரி கட்டுகிறோம், அவர்களுக்கு இலவசம் போகிறது. வருமான வரி ஒன்றையே வரி என்று எண்ணும் பழக்கத்திலிருந்து பிறக்கும் பேச்சு இது. வருமான வரி விதிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை; வேளாண் வருமானம் மட்டும் விலக்கு. மாநிலத்தின் சொந்த வரி வருவாய் என்பது பெரும்பாலும் பொருள்கள் மீதும் எரிபொருள் மீதும் மதுவின் மீதும் பத்திரப்பதிவின் மீதும் வாகனத்தின் மீதும் விழும் வரியே. இவற்றில் மிகப் பலவற்றைச் சோப்பும் செருப்பும் பெட்ரோலும் வாங்கும் எவரும் செலுத்துகிறார். கிடைக்கும் கூலி முழுவதையும் செலவழித்தே வாழ வேண்டிய குடும்பம், தன் வருமானத்தின் பெரும்பகுதிக்கு வரி செலுத்துகிறது. மாதம் பாதியைச் சேமிக்க முடிந்த குடும்பம் மீதிப் பாதிக்கு மட்டும் செலுத்துகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு மற்றும் சேவை வரியின் படிகள் குறைக்கப்பட்டு, அன்றாடப் பொருள்கள் பலவற்றின் வரி இறங்கியது நல்லதே. ஆனால் நுகர்வின் மீதான வரியின் இயல்பு அதனால் மாறிவிடாது.

மதுவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2024-25ஆம் ஆண்டில் டாஸ்மாக் வழியாக ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியுமாக அரசுக்குக் கிடைத்தது 48,344 கோடி ரூபாய். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற பழைய விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. நிதிக் கண்ணோட்டத்தில் பார்த்தால், இப்பெருந்தொகையின் கணிசமான பகுதி கட்டடத் தொழிலாளியும் சுமைதூக்குபவரும் தூய்மைப் பணியாளரும் உடல்வலி தீர என்று சொல்லி அன்றன்று கொடுப்பது. அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை வருகிறது. எந்தக் கை கொடுத்தது, எந்தக் கை வாங்கியது என்ற கணக்கை எழுதிப் பார்த்தால் ‘இலவசம்’ என்னும் சொல் தொண்டையில் சிக்கும். உரிமைத் தொகை வேண்டாம் என்பது இதன் பொருளன்று. அதை அரசின் கருணையாகப் பேசாதீர்கள் என்பதே.

மாநிலத்தால் முடியாது என்பது முழு உண்மையன்று

நியாயமான வரி என்றவுடன் மாநில அரசியலர் தில்லியைக் காட்டுவர். அதில் உண்மை உண்டு. மரணத்துக்குப்பின் சொத்தின் மீது விதிக்கப்பட்ட வரி 1985இல் ஒழிந்தது. சொத்துச் செறிவின் மீதான செல்வ வரி 2015ஆம் ஆண்டின் ஒன்றிய நிதிநிலை அறிக்கையோடு போனது. 2019இல் நிறுவன வருமான வரி குறைக்கப்பட்டது. மேல்வரி, கூடுதல் தீர்வை என்ற பெயர்களில் ஒன்றியம் திரட்டுவது மாநிலங்களுக்குப் பங்கிடப்படுவதில்லை. பங்கிடப்படும் தொகுப்பிலும் பதினைந்தாவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு அளித்தது 4.079 விழுக்காடு. இவை அனைத்தும் எதிர்த்துப் பேச வேண்டியவை.

ஆயினும் ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் நிலமும் கட்டடமும் வாகனமும் மின்சாரமும் முத்திரைத் தீர்வையும் இன்றும் இருக்கின்றன. அவற்றை வசதிக்கேற்பப் படிப்படியாக விதிக்கலாம் என்பதைத் தமிழ்நாடே செய்து காட்டியிருக்கிறது. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட வாகன வரியில் ஐந்து லட்சத்துக்குட்பட்ட மகிழுந்துக்கு 12 விழுக்காடு, இருபது லட்சத்தைத் தாண்டியதற்கு 20 விழுக்காடு. (அதே திருத்தத்தில், உணவு கொண்டுசெல்லும் இளைஞர் கடனில் வாங்கும் இருசக்கர வண்டிக்கும் 8இலிருந்து 10 விழுக்காடாக ஏற்றினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.)

2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சொத்து வரி உயர்வு இன்னும் தெளிவான சான்று. சென்னைக்கு வெளியேயுள்ள மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும், அதாவது தாம்பரத்திலும் குன்றத்தூரிலும், 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புக்கு 25 விழுக்காடும், 1,200 வரை 50 விழுக்காடும், 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேல் 100 விழுக்காடும் உயர்த்தப்பட்டது. அன்றைய ஆர்ப்பாட்டங்களில் ‘ஏழை மக்கள் மீது வரிச்சுமை’ என்று முழங்கியவர்களில் பலர் மூன்றாம் நான்காம் படியில் வீடு வைத்திருந்தவர்கள். நம்மவர்களிலும் சிலர் அந்த முழக்கத்தில் சேர்ந்துகொண்டனர். வரி உயர்வு ஒவ்வொன்றும் ஏழைக்கு எதிரானது அன்று. யார் மீது, எந்த வீதத்தில், எதற்காக என்று பிரித்துக் கேட்காத இயக்கம், பிறருடைய போராட்டத்துக்குக் கொடி பிடிக்க நேரும்.

அந்த உயர்வில் குறை இல்லாமல் இல்லை. படிகள் சதுர அடியைப் பார்க்கின்றனவே ஒழிய, நிலத்தின் மதிப்பை நேராகப் பார்ப்பதில்லை. குன்றத்தூரின் மாற்றத்தைக் கண்ணெதிரே பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். சேக்கிழார் பிறந்த ஊர், முருகன் குன்று, செம்பரம்பாக்கம் ஏரிக்கரை, சுற்றிலும் நெல்வயல் என்றிருந்த நிலப்பரப்பு, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் நோக்கிச் செல்லும் வெளிவட்டச் சாலை வந்தபின் மனைப்பிரிவுகளின் விளம்பரப் பலகையாயிற்று. 2021இல் பேரூராட்சி நகராட்சியானது. சாலையைப் போட்டது அரசு. ஏறிய நில மதிப்போ, முன்கூட்டியே வாங்கிப் போட்டவர்களுக்குப் போயிற்று. வேலி கட்டிக் காத்திருக்கும் காலிமனைக்கு விதிக்கப்படும் வரி, அது ஓராண்டில் ஈட்டும் மதிப்பு உயர்வின் அருகில்கூட வருவதில்லை. வயல்கள் மனைகளானபோது அங்கே நடவும் அறுப்பும் செய்த சேரிக் குடும்பங்களுக்கு இழப்பீடு என்ற பேச்சே எழவில்லை. அவர்கள் பெயரில் நிலம் இருந்தால்தானே.

பத்திரப்பதிவிலும் ஒரு முரண் இருக்கிறது. மனை வாங்குபவர் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என ஒன்பது விழுக்காடு செலுத்த வேண்டும். இரண்டு சென்ட் வாங்கும் ஓட்டுநருக்கும் இருபது கிரவுண்டு வாங்கும் நிறுவனத்துக்கும் இதுவே. 2023 டிசம்பர் முதல் புதிய அடுக்ககங்களின் முதல் விற்பனைக்கு மட்டும் படிநிலை வந்தது: 50 லட்சம் வரை ஆறு, மூன்று கோடி வரை ஏழு, அதற்கு மேல் ஒன்பது விழுக்காடு. அதுவரை நிலப்பங்குக்கும் கட்டுமான ஒப்பந்தத்துக்கும் தனித்தனியே கட்டணம் இருந்ததால் இம்மாற்றத்துக்கு ஒரு நியாயம் சொல்லலாம். ஆயினும் 45 லட்ச ரூபாய் அடுக்ககத்துக்கு ஆறு விழுக்காடு, பத்து லட்ச ரூபாய் மனைக்கு ஒன்பது விழுக்காடு (பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் ஒன்று குறையும்) என்ற ஏற்பாட்டை ‘படிநிலை’ என்று அழைக்க முடியுமா? படிநிலை என்னும் கருத்தை அரசு அறிந்திருக்கிறது. யாருக்காக அதைக் கையாள்கிறது என்பதில்தான் சிக்கல்.

வரி ரசீது இருக்கிறது, வீடு இல்லை

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் வரும் சாலையில் அனகாபுத்தூர். அங்கே அடையாற்றங்கரையில் பல்லாண்டுகளாக வாழ்ந்துவந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வீடுகள் 2025 மே மாதத்தில் ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்பட்டன. மக்களுக்குப் பெரும்பாக்கம் உள்ளிட்ட இடங்களில் வாரியக் குடியிருப்புகள் ஒதுக்கப்பட்டன. ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் இடிப்பு நடக்கும் ஒவ்வொரு முறையும் அதே காட்சி: வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை என ஒரு நெகிழிப் பையில் சுற்றி வைத்த காகிதங்களை மக்கள் எடுத்துக் காட்டுவர். வரி வாங்கும்போது அவர்கள் குடிமக்கள். பட்டா கேட்கும்போது ஆக்கிரமிப்பாளர்கள். உள்ளாட்சிச் சட்டத்தின்படி வரி ரசீது உரிமைச் சான்று ஆகாது என்று அலுவலர்கள் கூறுவர், சட்டப்படி சரியே. ஆனால் உரிமை தராத வரியைப் பத்து இருபது ஆண்டுகள் வாங்கிக்கொண்டே இருந்த அரசுக்கு எந்தக் கடப்பாடும் பிறக்காதா என்பதைச் சட்டமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும்.

இதற்கான சட்டம் இல்லாமல் இல்லை. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டம், ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அறிவித்து, இருந்த இடத்திலேயே மேம்படுத்த வழி செய்தது. அறிவிக்கப்பட்ட பகுதியிலிருந்து மக்களை எளிதில் வெளியேற்ற முடியாதவாறு பாதுகாப்பும் அளித்தது. தொடக்கத்தில் சென்னையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985க்குப் பின் புதிய அறிவிப்பு நின்றுபோனது. சட்டத்தை எவரும் நீக்கவில்லை, பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு வறுமை ஒழிப்புச் சட்டத்தைக் கொல்ல இதைவிட ஓசையில்லாத வழி கிடையாது. 2021இல் வாரியத்தின் பெயரிலிருந்து ‘குடிசை’ என்ற சொல்லும் போய், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று.

பெரும்பாக்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட குடும்பம் ஏழையா? நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி தமிழ்நாட்டில் வறியோர் 2.2 விழுக்காட்டினர் மட்டுமே. இக்குறியீடு சிமென்ட் தரை, கழிவறை, மின் இணைப்பு, வங்கிக் கணக்கு போன்றவற்றை எண்ணுகிறது. ஆற்றங்கரையில் தகரக் கூரையின்கீழ் இருந்தபோது அக்குடும்பம் வறுமைப் பட்டியலுக்குள் வந்திருக்கக்கூடும். அடுக்கு மாடியில் குடியேறியவுடன் குறியீட்டில் அது முன்னேறிவிடுகிறது. வீட்டுவேலை செய்த தாய்க்கு அவ்வேலை போனதும், பிள்ளையின் பள்ளிப்படிப்பு ஆண்டு நடுவில் முறிந்ததும், பேருந்துக்கு விடியலில் காத்திருப்பதும் அதே வேகத்தில் கணக்கில் ஏறுவதில்லை. தமிழ்நாடு வறுமையைக் குறைத்ததில் பெற்ற சாதனையை நான் மறுக்கவில்லை. பொது விநியோகமும் சத்துணவும் இன்றி நம்மில் பலர் இதை எழுதவும் படிக்கவும் இருந்திருக்க மாட்டோம். 2.2 என்ற எண்ணைக் காட்டிச் சட்டம் தேவையில்லை என்று வாதிடுவதைத்தான் மறுக்கிறேன். மிக வறிய ஐந்து லட்சம் குடும்பங்களைக் கண்டறிவோம் என்று 2024இல் தாயுமானவர் திட்டத்தை அரசே அறிவிக்க வேண்டியிருந்ததும் அந்த எண்ணின் போதாமையைக் காட்டுகிறது.

செங்கல்பட்டு தந்த பாடம்

திட்டம் வேறு, சட்டம் வேறு. இந்த வேறுபாட்டின் வரலாறு நம் மாவட்டத்திலேயே தொடங்குகிறது. குன்றத்தூரும் தாம்பரமும் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர், 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். தரிசு நிலத்துக்கு ஒரு பறையர் மனுச் செய்தால், மிராசுதார் தமக்கே முன்னுரிமை என்று கூறித் தடுத்துவிடும் முறையை அவ்வறிக்கை விளக்கிக் காட்டியது. அதையொட்டி 1892இல் பிறந்த அரசாணையின் வழியே வழங்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்ற நிபந்தனை அவற்றோடு இணைக்கப்பட்டது. காகிதத்தில் இதைவிட உறுதியான பாதுகாப்பைக் கேட்க முடியாது. ஆனால் நிபந்தனையைக் காக்க வேண்டிய கிராமக் கணக்கு, ஊரின் ஆதிக்கச் சாதியார் கையில் இருந்தது. மீட்கக் கேட்டவர்களுக்கு நேர்ந்ததை 1994 அக்டோபர் 10 சொல்லும்: காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தில் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகம் முன் காவல்துறை சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தனர்.

இந்தப் பின்னணியோடுதான் 2024 பிப்ரவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தைப் படிக்க வேண்டும். மக்கள்தொகை விழுக்காட்டுக்கு நிகராகத் திட்ட நிதியை ஒதுக்க வேண்டும் என்ற கொள்கை, பழங்குடியினருக்கு 1970களின் நடுவிலும் பட்டியல் சாதியினருக்கு 1979-80 வாக்கிலும் உருவானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு, பழங்குடியினர் 1.1 விழுக்காடு. நாற்பதாண்டுக்கும் மேலாக நிர்வாக வழிகாட்டுதலாக மட்டும் இருந்ததைச் சட்டமாக்கியது முன்னேற்றம். இயக்கங்கள் பல்லாண்டு கேட்டதன் விளைவு. ஒருங்கிணைந்த ஆந்திரமும் கர்நாடகமும் 2013லேயே செய்துவிட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவ்விரு மாநிலங்களின் பட்டறிவில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. நிதி திருடப்படுவதில்லை, கணக்கில் கரைக்கப்படுகிறது. ஒரு மேம்பாலமோ பேருந்துச் சலுகையோ எல்லோருக்கும் பொதுவான திட்டம்; அதில் பட்டியல் சாதியினரும் பயன்பெறுவர் என்று கூறி, செலவின் ஒரு பங்கைத் துணைத் திட்டக் கணக்கில் எழுதிவிடலாம். கர்நாடகச் சட்டத்தில் இதற்கென்றே 7(டி) என்னும் உட்பிரிவு இருந்தது. நெடும்போராட்டத்துக்குப் பின் நீக்கப்பட்டது. நீக்கிய பின்பும் உத்தரவாதத் திட்டங்களுக்கு அந்நிதி செல்கிறது என்ற குற்றச்சாட்டு ஓயவில்லை. தமிழ்நாட்டிலும் 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்குத் துணைத் திட்ட நிதியைப் பயன்படுத்துவது குறித்துத் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. தலித் பெண்களும் அத்தொகையைப் பெறுகிறார்களே என்பது அரசுத் தரப்பு வாதமாக இருக்கும். பெறுகிறார்கள்தாம், குடிமக்கள் என்ற முறையில் பொது நிதியிலிருந்து பெற வேண்டியதை, அவர்களுக்கென்று தனியே ஒதுக்கிய பணத்திலிருந்து கொடுத்தால், பொது நிதி முழுவதும் பிறருக்கு என்றாகிவிடுகிறது. கூட்டாஞ்சோற்றுக்கு எல்லோரும் அரிசி போட, ஒருவனுக்கு மட்டும் அவன் வீட்டுச் சோற்றையே பரிமாறுவது போன்றது இது.

எனவே சட்டம் வந்துவிட்டது என்று நாம் ஓய முடியாது. பொதுத் திட்டச் செலவை இக்கணக்கில் எழுதுவதற்கு வெளிப்படையான தடை வேண்டும். செலவாகாத தொகை ஆண்டு முடிவில் கரைந்துபோகாமல் அடுத்த ஆண்டுக்குச் செல்ல வேண்டும். தெலங்கானாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு இடமளித்தது. கடமை தவறும் அலுவலருக்குத் தண்டனை வேண்டும். கர்நாடகச் சட்டத்தில் அது உண்டு. குன்றத்தூர் நகராட்சியின் எந்த வார்டில், எந்தத் தெருவில், எவ்வளவு செலவானது என்பது நகராட்சி வாயிலில் ஒட்டப்பட வேண்டும்.

வேலை என்னும் உரிமை

நகரத்து ஏழைக்கு வேலை உறுதிச் சட்டம் இல்லை என்பது இப்பகுதியில் தனிக் கூர்மை பெறுகிறது. கிராம ஊராட்சி நகராட்சியோடு இணைக்கப்படும்போதெல்லாம் நூறு நாள் வேலை போய்விடுகிறது. 2025 தொடக்கத்தில் உள்ளாட்சி எல்லைகளை விரிக்கும் அறிவிப்பு வந்தபோது, மாநிலமெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்ததற்கு வரி உயர்வோடு இதுவும் காரணம். ஊர் ஒரே நாளில் நகரமாகிவிடும். அங்கே களையெடுத்த பெண் அதே நாளில் நகரத்து வேலைக்குரியவராகிவிட மாட்டார். தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் 2022இல் நூறு கோடி ரூபாயில், தேர்ந்தெடுத்த சில உள்ளாட்சிகளில் வெள்ளோட்டமாகத் தொடங்கியது. அது திட்டமாகவே நின்றது. வேலை கேட்டு மறுக்கப்பட்டால் நீதிமன்றம் செல்ல அதில் வழியில்லை. இராசத்தான் 2023இல் இயற்றிய குறைந்தபட்ச வருமான உறுதிச் சட்டம், ஊரகத்துக்கும் நகரத்துக்கும் சேர்த்து 125 நாள் வேலையையும் ஆண்டுதோறும் 15 விழுக்காடு உயரும் ஓய்வூதியத்தையும் சட்ட உரிமையாக எழுதியது. ஆட்சி மாறியதும் அதன் வேகம் தளர்ந்தது என்பதும் பாடமே. ஆனால் ஒரு மாநிலச் சட்டமன்றம் இதை எழுத முடியும் என்பதில் இனி ஐயமில்லை.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ஊரக வேலை உறுதிச் சட்டத்தை மாற்றி, செலவில் நாற்பது விழுக்காட்டை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று ஆக்கியபின், பேச்சு மீண்டும் வரிக்கே திரும்புகிறது. அந்த நாற்பது விழுக்காட்டை மாநிலம் எங்கிருந்து எடுக்கும்? கடையிலிருந்தும் டாஸ்மாக்கிலிருந்தும் எடுத்தால், ஏழையின் கூலியில் ஒரு பகுதியை ஏழையே கொடுத்ததாகும்.

பணம் இல்லை என்பது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. 2021 ஆகஸ்ட் 9 அன்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராசன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய்ப் பொதுக்கடன் இருப்பதாகக் கூறியது. அதே அறிக்கை கூறிய மற்றொரு செய்தி குறைவாகவே பேசப்பட்டது: மாநில உற்பத்தியில் சொந்த வரி வருவாயின் பங்கு, 2006-07 வாக்கில் எட்டு விழுக்காட்டை ஒட்டியிருந்தது, பின் ஆறுக்கும் கீழே இறங்கியது. மாநிலம் வளர்ந்த வேகத்தில் வரி வளரவில்லை. வளர்ச்சியின் பயனை அடைந்தவர்கள் அதற்கேற்பச் செலுத்தவில்லை. இன்னொரு புறம், பெருமுதலீட்டாளருக்கு முத்திரைத் தீர்வை விலக்கு, மின்சார வரி விலக்கு, மாநில சரக்கு மற்றும் சேவை வரித் திருப்பம் ஆகியவை தொழிற்கொள்கையிலேயே எழுதப்பட்டுள்ளன. சலுகை தராவிட்டால் முதலீடு அண்டை மாநிலத்துக்குப் போய்விடும் என்பர். சலுகையே கூடாது என்று நான் வாதிடவில்லை. துணைத் திட்ட நிதிக்குத் துறைவாரியாகக் கணக்கு கேட்பது போல, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் விட்டுக்கொடுத்த வரிக்கும் ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் கணக்கு வைக்கட்டும். எத்தனை வேலை உருவானது, அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் நிரந்தரப் பணியில் இருக்கின்றனர் என்ற இரு வரிகளையும் அதில் சேர்க்கட்டும்.

பணம் இல்லை என்ற வாதம் இறுதியில் யார் மீது இறங்குகிறது என்பதை 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாயிலில் கண்டோம். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் விடப்பட்டதை எதிர்த்து, பெரும்பாலும் தலித் பெண்களான தொழிலாளர்கள் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்தனர், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டனர். கையில் கிடைக்கும் ஊதியம் ஆயிரக்கணக்கில் குறையும் என்பதே அவர்களின் முதன்மை அச்சம். அவர்களிடமும் தொழில் வரி பிடித்தம் உண்டு. குறைந்த ஊதியத்திலும் அது 75,000 ரூபாய்ப் படியைத் தாண்டிவிடும்.

2022இல் தாம்பரம் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது, சென்னையும் அவ்வாறே. பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நுழைந்து ஒரு நூற்றாண்டுக்குப்பின் அதே வட்டாரத்தில் நிகழ்ந்த மாற்றம் அது. ஆனால் அந்த நாற்காலியில் அமர்பவரால் தொழில் வரியின் உச்சவரம்பை ஒரு ரூபாய்கூட ஏற்ற முடியாது. துணைத் திட்ட நிதியின் கணக்குத் தலைப்பை மாற்ற முடியாது. குடிசைப் பகுதியை அறிவிக்க முடியாது. முதலாவது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. அதற்குச் சட்டமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றி அனுப்பலாம், பல பொருள்களுக்கு அனுப்பியது போல. மற்ற இரண்டும் மாநில அரசின் கையிலேயே உள்ளன.

2022இல் வகுத்த விதிகளின்படி நகர்ப்புற வார்டுகளில் பகுதி சபை கூட்டப்பட வேண்டும். நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் அது கூடும்போது பெரும்பாலும் தெருவிளக்கும் கால்வாயும் பேசப்படும். அவையும் வேண்டியவையே. அவற்றோடு, காலிமனை வரி நிலுவை எவ்வளவு, எந்த மனைப்பிரிவு உரிமையாளர்கள் செலுத்தவில்லை, துணைத் திட்ட நிதியில் இந்த வார்டுக்கு வந்தது என்ன என்று மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுத்து, பெற்றதற்குக் கையொப்பம் வாங்கி வாருங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அதே கேள்விகளை அனுப்பப் பத்து ரூபாய் போதும்.